அரை மில்லி மருந்து, அரை நாள் அறுவை: கெபிலிடி விமர்சனம்

ஒரே ஒரு குப்பி. உறைந்த நிலையில் வருகிறது. உருக்கினால் உறிஞ்சி எடுக்கக் கிடைப்பது 0.5 மி.லி.; கண் சொட்டு மருந்து என்றால் பத்துச் சொட்டு. அதிலும் குழந்தையின் மூளைக்குள் போவது 0.32 மி.லி. மட்டும். பிரிட்டனில் இதன் பட்டியல் விலை 30 லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல்.

மருந்தின் பெயர் எலடோகஜீன் எக்ஸுபர்வோவெக். ஏஏடிசி குறைபாடு என்ற மரபணு நோய்க்கானது. ஐரோப்பாவில் 2022 ஜூலையில் அப்ஸ்டாஸா என்ற பெயரில் ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்காவில் 2024 நவம்பர் 13 அன்று கெபிலிடி என்ற பெயரில் அந்நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ விரைவு ஒப்புதல் கொடுத்தது. மூளைத் திசுவுக்குள் நேராகச் செலுத்த அங்கே ஒப்புதல் பெற்ற முதல் மரபணு சிகிச்சை இதுதான். விற்பது பிடிசி தெரபியூட்டிக்ஸ். ஆனால் வேர் தைவானில்: தைவான் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் வு-லியாங் ஹு குழுவினர் முதல் நான்கு குழந்தைகளுக்குச் செய்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மரபணுவைச் சுமந்துபோகும் வைரஸ் நல்ல வைரஸ், மருந்து வேலை செய்கிறது. ஆனால் எவ்வளவு வேலை செய்யும் என்பது குப்பியைத் திறப்பதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதி ஊசிக் குழாயின் முனையில் முடிவாகிறது. அதனால் இந்த விமர்சனத்தில் மருந்தைவிடக் குழாய்க்கு இடம் அதிகம்.

முதலில் நோய். டிடிசி என்ற மரபணு பழுதானால் ஏஏடிசி என்ற நொதி உருவாவதில்லை. உடம்பு எல்-டோபா வரை தயாரித்துவிடும். அதை, நரம்பணுக்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமைனாக மாற்றும் கடைசிப் படி நடக்காது. செரட்டோனின் தயாரிப்பும் அதே நொதியை நம்பியிருப்பதால் அதுவும் நின்றுபோகும். டோபமைன் இல்லாததால் நார்அட்ரினலினும் அட்ரினலினும் இல்லை. குழந்தை துணி போலத் துவண்டு கிடக்கும். கழுத்து நிற்காது. சில நாளுக்கொரு முறை கண் மேலே செருகி, உடல் முறுக்கிக்கொண்டு, மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். இமை தொங்கும், மூக்கு அடைத்தபடியே இருக்கும், காரணமில்லாமல் வியர்க்கும். எம்ஆர்ஐ பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் காட்டாது. வலிப்பு என்றோ மூளை முடக்குவாதம் என்றோ பெயர் வைத்து வருடங்கள் ஓடிவிடுவது இப்படித்தான்.

கண் செருகும்போது எடுத்த இஇஜி என்ற மூளை மின்னலைப் பதிவில் வலிப்பலை இல்லை என்றால் சந்தேகம் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். குதிகாலில் குத்தி வடிதாளில் எடுத்த உலர்ந்த ரத்தத் துளி போதும். அதில் 3-ஓ-மெத்தில்டோபா ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பயன்படாமல் தேங்கும் எல்-டோபா போய்ச் சேரும் இடம் அது. பிறகு மரபணுச் சோதனை, ரத்தத்தில் நொதியின் செயல்பாடு, தேவைப்பட்டால் தண்டுவட நீர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய் என்பதால், சொந்தத்துக்குள் திருமணம் நடக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களில் இந்தச் சோதனையை மருத்துவர்கள் சீக்கிரமே நினைவில் கொள்வது நல்லது. மருந்து எவ்வளவு பலன் தரும் என்பது நோயை எப்போது கண்டுபிடித்தார்கள் என்பதோடு கட்டுண்டது. அந்தக் கணக்குக்குப் பின்னால் வருவோம்.

இனி வைரஸ். இது அடினோ-தொடர்பு வைரஸின் இரண்டாம் வகை, சுருக்கமாக ஏஏவி2. ஏறத்தாழ 25 நானோமீட்டர் அளவுள்ள புரதக் கூடு. அதன் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டு, இரு முனைகளை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் மனித டிடிசி மரபணுவின் நகலைப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த நகலை ஓடவைக்கும் சாவி, சைட்டோமெகலோ வைரஸிலிருந்து எடுத்த புரமோட்டர். ஏஏவி கூட்டுக்குள் ஏறத்தாழ 4,700 மரபணு எழுத்துதான் கொள்ளும். பெரிய மரபணுக்களோடு மல்லுக்கட்டுபவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். டிடிசி நகல் ஏறத்தாழ 1,440 எழுத்து. தாராளமாக உட்கார்ந்துவிடும். நோயைத் தேர்ந்தவர்களின் புத்திசாலித்தனத்தில் பாதி இந்தப் பொருத்தத்தில் இருக்கிறது. உள்ளே போன மரபணு நரம்பணுவின் குரோமோசோமில் பெரும்பாலும் ஒட்டுவதில்லை, அணுவின் உட்கருவுக்குள் தனி வளையமாக நிற்கும். நரம்பணு பிரிவதில்லை, ஆகவே வளையம் கரைந்து போவதும் இல்லை. ஒரே ஊசி வருடக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஏஏவி2வின் குணம் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: இது ஒட்டும். அணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஹெப்பரான் சல்ஃபேட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால் விட்ட இடத்திலிருந்து அதிக தூரம் போகாது. ரத்தத்தில் விட்டால் மூளைக்குள் நுழையவே நுழையாது. இதைக் குறையாகவும் பார்க்கலாம், நிறையாகவும் பார்க்கலாம். முதுகுத்தண்டுத் தசைச் சிதைவுக்கான ஸோல்ஜென்ஸ்மா ரத்தக்குழாய் வழியாகப் போகும் ஏஏவி9. எடையில் ஒரு கிலோவுக்கு 110 லட்சம் கோடி வெக்டர், அதாவது மரபணுவைச் சுமக்கும் வைரஸ், வேண்டும். 5 கிலோ குழந்தைக்கு 550 லட்சம் கோடி. அத்தனையும் முதலில் கல்லீரலைத்தான் சந்திக்கிறது. அதனால்தான் அங்கே ஊசிக்கு முந்தைய நாளே ஸ்டீராய்டு தொடங்கி, குறைந்தது ஒரு மாதம் கொடுத்து, கல்லீரல் நொதிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கெபிலிடியின் மொத்த அளவு 18,000 கோடி. எடை எதுவானாலும் அவ்வளவுதான். அந்த 5 கிலோ குழந்தையின் கணக்கோடு வைத்தால் மூவாயிரத்தில் ஒரு பங்கு. சேர வேண்டிய இடத்திலேயே கொண்டுபோய் வைப்பதால் கிடைக்கும் சிக்கனம் இது. அதற்கு மண்டையோட்டில் துளை போட வேண்டும் என்பது விலை.

சேர வேண்டிய இடம் புட்டாமென். மூளையின் ஆழத்தில் இருபுறமும் இருக்கும், அசைவைக் கட்டுப்படுத்தும் நரம்பணுத் திரள். டோபமைன் வழக்கமாகப் போய்ச் சேரும் ஊர். இந்தக் குழந்தைகளில் நடுமூளையிலிருந்து வரும் நரம்பு முனைகள் எல்-டோபாவைத் தயாரித்துத் தயாரித்து வீணாக்குகின்றன. புட்டாமென் அணுக்களுக்கு ஏஏடிசி கிடைத்தால் பக்கத்தில் கசியும் எல்-டோபாவை அவையே டோபமைனாக மாற்றிக்கொள்ளும். கச்சாப் பொருள் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது, அரைக்கும் இயந்திரம் மட்டும் கொடுத்தால் போதும் என்ற கணக்கு.

இனி அறுவை அரங்கு. குழந்தைக்கு முழு மயக்கம். தலையில், இலக்கைத் துல்லியமாகக் குறிக்க உதவும் ஸ்டீரியோடாக்டிக் சட்டகம் பொருத்தி, சிடி, எம்ஆர்ஐ படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி வழி வரைகிறார்கள். ரத்தக்குழாயைத் தொடக்கூடாது, மூளை மடிப்புக்குள் விழக்கூடாது, மூளைக்குள் நீர் நிறைந்த அறையான வென்ட்ரிக்கிளைக் குத்தக்கூடாது. வென்ட்ரிக்கிளில் குத்திவிட்டால் மருந்து தண்டுவட நீரில் கலந்து போய்விடும். ஒவ்வொரு புட்டாமெனிலும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு புள்ளிகள், மொத்தம் நான்கு. சட்டகத்தின் ஆணிகள் மெல்லிய எலும்பில் பிடிக்காது என்பதால்தான் மண்டையோடு போதுமான அளவு முதிராத குழந்தைகளுக்கு இதைச் செய்யக்கூடாது என்று மருந்தின் விதியிலேயே போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் 18 மாதம் கீழ் எல்லை. அமெரிக்காவில் மாதக் கணக்கு சொல்லாமல், எலும்பைப் படத்தில் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு புள்ளிக்கும் 0.08 மி.லி., அதாவது 80 மைக்ரோலிட்டர், அதில் 4,500 கோடி வெக்டர். வேகம் நிமிடத்துக்கு 3 மைக்ரோலிட்டர். ஒரு புள்ளிக்கு 27 நிமிடம்; நான்குக்கும் பம்ப் ஓடும் நேரம் மட்டுமே 1 மணி 47 நிமிடம். அவசரப்பட வழியே இல்லை. வாய்க்காலில் தண்ணீரை மெல்ல விட்டால் பாத்தி முழுக்க ஊறும். மடையை அகலத் திறந்தால் வரப்பை உடைத்துக்கொண்டு வேறு பக்கம் ஓடும். மூளையிலும் அதே கதை. அழுத்தத்தோடு மெதுவாகத் தள்ளினால் திரவம் அணுக்களுக்கு இடையே பரவி ஒரு முட்டை வடிவில் நிரம்பும். வேகம் கூடினால் குழாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே மேலே ஏறிவிடும். பின்னொழுக்கு என்று சொல்லப்படும் இதுதான் இந்த வேலையின் முதல் எதிரி.

அதற்காகவே செய்யப்பட்டது ஸ்மார்ட்ஃப்ளோ கேனுலா என்ற ஊசிக் குழாய். முனை மெல்லிய குழல். சற்று மேலே படிபோல் பருமன் கூடும். பின்னொழுக்கு அந்தப் படியில் தட்டி நின்றுவிடும். கெபிலிடிக்கு ஒப்புதல் கொடுத்தபோதே எஃப்டிஏ இந்தக் கேனுலாவுக்கும் தனியாக அனுமதி கொடுத்தது. அந்த மருந்தைச் செலுத்த அங்கே அனுமதி பெற்ற கருவி இது ஒன்றே. சாதாரண ஊசியை வைத்து ஒப்பேற்றும் யோசனை வேண்டாம்.

குப்பியில் 0.5 மி.லி. இருக்க, செலுத்துவது 0.32 என்றால் மீதி எங்கே? கேனுலாவின் நீளக் குழலை நிரப்ப அது வேண்டும். குழலில் காற்று இருந்தால் முதலில் மூளைக்குள் போவது காற்றாகத்தான் இருக்கும். 5 மைக்ரோலிட்டர் குமிழி ஒன்று நுழைந்தால் கிட்டத்தட்ட 1 நிமிடம் 40 நொடிக்கான மருந்து அந்த இடத்தில் இறங்கவில்லை என்று அர்த்தம். போதாததற்கு அந்தக் குமிழி திரவத்தின் பாதையையும் திருப்பிவிடும். நல்ல குழு என்ன செய்யும் என்றால், கேனுலாவைத் தலைக்குள் இறக்குமுன் பம்பை ஓடவிட்டு முனையையே பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று நான்கு நிமிடத்தில் முனையில் ஒரு சிறு முத்து திரண்டு நிற்க வேண்டும். துடைத்தால் இன்னொன்று திரள வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே.

உள்ளே ஓடும்போது பார்க்க வேண்டியது அழுத்தம். மெல்ல ஏறிச் சமநிலையில் நிற்பது இயல்பு. ஏறிக்கொண்டே போனால் முனையில் திசு அடைத்திருக்கலாம். சட்டென்று விழுந்தால் திரவம் எங்கோ எளிய வழியைக் கண்டுபிடித்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். பம்ப் நின்றதும் கேனுலாவை உடனே உருவக்கூடாது. சில நிமிடம் அப்படியே விட்டு மெதுவாக எடுத்தால்தான் போட்டது போட்ட இடத்தில் நிற்கும்.

மருந்தகத்தின் பக்கம் இன்னொரு கடிகாரம் ஓடுகிறது. குப்பி மைனஸ் 65 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். அறை வெப்பத்தில் நிமிர்த்தி வைத்தால் கால் மணி நேரத்தில் உருகிவிடும். உருகியதை மறுபடி உறைய வைக்க முடியாது. 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். காலையில் மயக்கம் கொடுக்கும்போதே உருக்கச் சொல்லிவிட்டு, பிறகு சட்டகம், சிடி, வழி வரைதல் எல்லாம் இழுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பம்புக்கே போய்விடும். ஆகவே சட்டகம் ஏறி, புள்ளிகள் உறுதியான பிறகே மருந்தகத்துக்குச் சொல்வது புத்திசாலித்தனம். மாற்றுக் குப்பி கேட்டு வாங்கும் விலையில் இல்லை இது. கரைசலில் போலோக்ஸமர் 188 சேர்த்திருக்கிறார்கள். வைரஸ் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை குறைந்துவிடாமல் இருக்க அது உதவும். மூளைக்குப் போகும் அளவு இவ்வளவு சிறியது என்றால் சிரிஞ்சின் சுவரில் ஒட்டுவதும் இழப்புதான்.

இப்போது எங்கள் முதல் குறை. மருந்து எங்கே பரவியது என்று அரங்கில் யாரும் பார்ப்பதில்லை. இதில் வேறெதையும் கலக்கக்கூடாது என்பது விதி; ஆகவே எம்ஆர்ஐயில் தெரியும் கடோலினியச் சாயமும் இல்லை. புள்ளி சரி, வேகம் சரி, அளவு சரி என்று நம்பிவிட்டு வர வேண்டியதுதான். அந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் ஒப்பீடு: இதே ஏஏடிசி மரபணுவை இதே ஏஏவி2வில் வைத்து பார்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுத்த சோதனையில் சாயமும் சேர்த்து எம்ஆர்ஐயில் பார்த்துக்கொண்டே செலுத்தினார்கள். ஒரு புட்டாமெனுக்கு 900 மைக்ரோலிட்டர் வரை விட்டும், புட்டாமெனில் நனைந்தது சராசரியாக 34 முதல் 42 சதவீதம்தான் என்று 2019இல் வெளியான முடிவு சொல்கிறது. கெபிலிடியில் ஒரு பக்கத்துக்கு 160 மைக்ரோலிட்டர். குழந்தையின் புட்டாமென் பெரியவர்களுடையதைவிடச் சிறியது, உண்மை. இருந்தாலும் முழுக்க நனைகிறது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

முழுக்க நனையாமலேயே பலன் வருகிறது என்பது அடுத்த ஆச்சரியம். அமெரிக்க ஒப்புதலுக்கு அடிப்படையான சோதனையில் 13 குழந்தைகள். 48 வாரத்தில் மதிப்பிட முடிந்த 12 பேரில் 8 பேர் புதிதாக ஓர் அசைவுப் படியை எட்டியிருந்தார்கள்: மூவருக்குக் கழுத்து முழுதாக நின்றது, இருவர் துணையோடோ துணையின்றியோ உட்கார்ந்தார்கள், ஒருவர் துணையின்றியே உட்கார்ந்தார், இருவர் பின்னோக்கி நடந்தார்கள். ஒப்பிட எடுத்துக்கொண்ட, சிகிச்சை பெறாத, கடுமையான நோயுள்ள 43 பேரில் யாருக்கும் இப்படிப்பட்ட ஒரு படிகூடப் பதிவாகவில்லை. கழுத்து நிற்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எட்டு வயதுக் குழந்தையின் தலையைக் கையில் தாங்கியபடியே சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அந்த எண்களுக்குள் இருக்கும் இன்னோர் எண்ணைப் பாருங்கள். பின்னோக்கி நடந்த இருவருக்கும் 2 வயதுக்கு முன்பே மருந்து போட்டிருக்கிறார்கள். எதுவும் எட்டாத நால்வரின் வயது 2.8 முதல் 10.8 வரை. நொதியைக் கொடுத்தால் டோபமைன் எந்த வயதிலும் வரும். அதைப் பயன்படுத்தி நடக்கக் கற்கும் மூளை எந்த வயதிலும் அப்படியே காத்திருக்காது. சோதனை சின்னது, பன்னிரண்டு பேர். ஆனால் தைவானின் மூன்று சோதனைகளில் சிகிச்சை பெற்ற 26 குழந்தைகளின் பதிவுகளும் சிறிய வயதின் பக்கமே சாய்கின்றன. அங்கே பெட் ஸ்கேனில் புட்டாமெனின் டோபமைன் தயாரிப்பு 5 ஆண்டு வரை தொடர்ந்து தெரிந்தது. சைட்டோமெகலோ புரமோட்டர் காலப்போக்கில் அடங்கிப்போகுமோ என்ற பழைய பயத்துக்கு இதுவரை கிடைத்த நல்ல பதில் அது.

இரண்டாவது குறை, வடிவமைப்பிலேயே இருப்பது. புட்டாமெனுக்குக் கொடுத்த மருந்து புட்டாமெனைத்தான் பார்க்கும். செரட்டோனின் தயாரிக்கும் நரம்பணுக்கள் மூளைத்தண்டில் இருக்கின்றன. அங்கே ஒரு துளியும் போகவில்லை. ஆகவே தூக்கம், மனநிலை, வியர்வை, மூக்கடைப்பு, ரத்தச் சர்க்கரை இறங்குவது போன்றவை எல்லாம் கழுத்தோடு சேர்ந்து சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. இன்னொன்றும் உண்டு. டோபமைனைப் பைகளில் அடைத்து, தேவைப்படும்போது மட்டும் விடும் ஏற்பாடு புட்டாமென் அணுக்களுக்கு இல்லை. அவை தயாரித்ததும் அப்படியே கசியவிடும். குழாய் இருக்கிறது, திருகு இல்லை.

இதனால்தான் அமெரிக்காவில் கிறிஸ்டாஃப் பன்கீவிச் குழுவினர் வேறு வழி எடுத்தார்கள்: மருந்தை நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலும் அதன் பக்கத்துப் பகுதியிலும் செலுத்துவது. அங்கே இருப்பவை டோபமைனுக்கென்றே பிறந்த அணுக்கள்; பைகளும் உண்டு, திருகும் உண்டு. அவற்றின் நீண்ட இழைகள் வழியே நொதி புட்டாமென் வரை போய்ச் சேரும். 2021இல் வெளியான முடிவில் 4 முதல் 9 வயதுள்ள 7 குழந்தைகள். கடோலினியச் சாயம் சேர்த்து, எம்ஆர்ஐயில் பார்த்தபடியே செலுத்தினார்கள். மூன்றாம் மாதத்துக்குள் 6 பேருக்குக் கண் செருகுவது முழுதாக நின்றது. ஓர் ஆண்டில் 6 பேருக்குக் கழுத்து நின்றது, 4 பேர் தனியாக உட்கார்ந்தார்கள். வயது கூடிய குழந்தைகளில் இந்த எண்கள் என்பதால் எங்களுக்கு இந்த வழியின்மேல் ஒரு கண் உண்டு. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துச் சோதித்ததில்லை; நடுமூளை சிறிய இடம், ஆழமான இடம், கைத்தவறுக்கு அங்கே மன்னிப்புக் குறைவு. கடையில் கிடைப்பது புட்டாமென் வழி.

அறுவைக்குப் பின். உடனே சிடி எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். குறைந்தது 48 மணி நேரம் அந்த மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முதல் நாட்களில் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது, ரத்தசோகை, பொட்டாசியம், பாஸ்பேட் குறைவது எல்லாம் வரும். துளை போட்ட இடத்தில் தண்டுவட நீர் கசிகிறதா என்று கட்டுத் துணியைப் பார்க்க வேண்டும். முதல் 14 நாள் கட்டு மாற்றும்போது கையுறை போடுங்கள். கட்டுத் துணியையும் கண்ணீர், மூக்குச் சளி துடைத்த துணியையும் உறையில் கட்டி மூடி அப்புறப்படுத்துங்கள். இந்த வைரஸால் தானாகப் பெருக முடியாது. ஆனாலும் வீட்டில் இருப்பவர்கள் உடலில் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக நாமே வழி செய்ய வேண்டியதில்லை. சிகிச்சை பெற்றவர் பின்னாளில் ரத்ததானமோ உறுப்புதானமோ செய்யக்கூடாது.

பெற்றோரைக் கலங்கவைப்பது டிஸ்கினீசியா, அதாவது கட்டுப்பாடில்லாமல் தானாக வரும் அசைவு. முதல் மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் தலைகாட்டும். கை கால் நெளியும், நாக்கு சுழலும், எச்சில் வழியும், குழந்தை தூங்காது. வருடக்கணக்கில் டோபமைனையே காணாத ஏற்பிகள் அகோரப் பசியில் இருக்கின்றன. முதல் கவளத்துக்கே துள்ளுகின்றன. வலிப்பு திரும்பிவிட்டது என்று பயந்து வலிப்பு மருந்தைக் கூட்டுவது தவறு. ஏற்கெனவே கொடுத்துவந்த டோபமைன் தூண்டி மருந்துகளைக் குறைப்பது முதல் வேலை. அடங்காவிட்டால் ரிஸ்பெரிடோன் போன்ற டோபமைன் தடுப்பிகளைச் சிறு அளவில் மருத்துவர் தொடங்குவார். மாதங்கள் போனால் தணியும். ஒருவகையில் மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்ற செய்தியும் அதுதான். அந்த நள்ளிரவில் இதைச் சொன்னால் யாருக்கும் ஆறுதலாக இருக்காது என்பது வேறு விஷயம்.

இரண்டாவது முறை போட முடியுமா என்ற கேள்வி எல்லோரும் கேட்பது. நடைமுறையில் இல்லை. ஒருமுறை போட்டதும் ஏஏவி2வுக்கு எதிர்ப்பொருள் ஏறிவிடும். சிலருக்கு இயற்கையாகவே முன்பே இருக்கும், அதனால் அறுவைக்கு முன்பே அளந்து பார்க்கிறார்கள். இந்த ஒரு குப்பி, இந்த ஒரு நாள்.

விலையைப் பற்றி. மருந்துகளின் பலனையும் செலவையும் மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023இல் தேசிய மருத்துவச் சேவையில் இதைப் பரிந்துரைத்தது, வெளியில் சொல்லாத தள்ளுபடியோடு. பட்டியல் விலையை யாரும் அப்படியே கொடுப்பதில்லை. ஆனால் அந்த விலைக்குள் அறுவை இல்லை, கேனுலா இல்லை, பிறகு வருடக்கணக்கில் தேவைப்படும் இயன்முறைப் பயிற்சி இல்லை. கடைசியாகச் சொன்னதைக் கழித்துப் போட்டால் மொத்தமும் பாதிதான். மருந்து டோபமைனைத்தான் கொடுக்கிறது. குப்புற விழவும் தவழவும் உட்காரவும் குழந்தை ஒவ்வொன்றாகப் பழக வேண்டும், அதுவும் பிள்ளைகள் வழக்கமாகப் பழகும் அதே வரிசையில்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்கள் நான்கு கேள்வி கேட்டு வாருங்கள். குழந்தைகளின் மூளை ஆழத்தில் இப்படி மெதுவாகச் செலுத்தும் வேலையை இதற்கு முன் எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? குப்பியை எந்தக் கட்டத்தில் உருக்கச் சொல்வீர்கள்? அழுத்தம் சட்டென்று விழுந்தால் என்ன செய்வீர்கள்? டிஸ்கினீசியா வந்தால் இரவு இரண்டு மணிக்கு யாருக்குப் போன் செய்வது? மூன்றாவதற்குப் பதில் யோசிக்காமல் வந்தால் நல்ல அறிகுறி. நான்காவதற்கு ஒரு பெயரும் எண்ணும் கையில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.